பார்ட்னர்ஷிப்பா, எல்எல்பியா, பிரைவேட் லிமிடெட்டா?

திருப்பூரில் நானும் என் கூட்டாளியும் எம்பிராய்டரி ஜாப்ஒர்க் யூனிட் நடத்துகிறோம். எந்த அமைப்பில் நடத்துவது என்று மூன்றையும் அலசிவிட்டு எல்எல்பியை (லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப், பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு) எடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். படிக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். பார்ட்னர்ஷிப் 1932 சட்டம், எல்எல்பி 2008 சட்டம், கம்பெனி 2013 சட்டம். மூன்றுக்கும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். எல்எல்பியும் கம்பெனியும் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். தொழில் கவிழ்ந்தால் பொதுவாகப் போட்ட முதலோடு போகும், வீட்டுப் பத்திரம் வரை வராது. பார்ட்னர்ஷிப்பில் வரும். கூட்டாளி ஃபர்ம் பெயரில் நூல் கடனுக்கு எடுத்தால் அந்தப் பாக்கி முழுவதையும் உங்களிடமே கேட்கலாம்.

பார்ட்னர்ஷிப்பில் இன்னொரு சிக்கல் 69-ஆவது பிரிவு. ஃபர்மைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால் நம் ஊரில் பலரும் ஸ்டாம்ப் பேப்பரில் டீட் எழுதி, பான் கார்டு வாங்கி, கரண்ட் அக்கவுண்ட் திறந்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பார்ட்டி பணம் தராமல் இழுத்தடித்து வக்கீலிடம் போனால், அவர் கேட்கும் முதல் கேள்வியே “ஃபர்ம் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா?” என்பதுதான். பதிவில்லாத ஃபர்ம் பாக்கி கேட்டு சிவில் வழக்குப் போட முடியாது. ஆனால் உங்கள் மேல் மற்றவர் போட எந்தத் தடையும் இல்லை. பார்ட்னர்ஷிப்தான் வேண்டும் என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அண்ணன் தம்பி இருவர், கடன் கொள்முதல் இல்லாத சின்ன வியாபாரம் என்றால் அதுவே போதும், செலவும் மிகக் குறைவு.

உண்மையான போட்டி எல்எல்பிக்கும் பிரைவேட் லிமிடெட்டுக்கும்தான். என் முடிவைத் தீர்மானித்தது ஆரம்பச் செலவு இல்லை, வருஷாவருஷம் அதைக் கட்டிக்காக்கும் பாடு.

கம்பெனி என்றால் ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் ஆடிட் உண்டு. போர்டு மீட்டிங், அதற்கு மினிட்ஸ், வருடாந்திரப் பொதுக்கூட்டம், அதன்பின் கணக்குக்கு ஒரு படிவம், ஆண்டறிக்கைக்கு ஒரு படிவம். தாமதமானால் படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. இரண்டையும் ஒரு வருடம் விட்டால் 73,000 ரூபாய், அதுவும் தாமதக் கட்டணம் மட்டும். எல்எல்பிக்கு மே 30-க்குள் ஆண்டறிக்கைக்கான படிவம் 11, அக்டோபர் 30-க்குள் கணக்குக்கான படிவம் 8. விற்றுமுதல் 40 லட்சத்தையும் பார்ட்னர்கள் போட்ட முதல் (பங்களிப்பு) 25 லட்சத்தையும் தாண்டாதவரை எல்எல்பி சட்டப்படி ஆடிட் கட்டாயமில்லை. போர்டு மீட்டிங் கட்டாயமும் கிடையாது. எல்எல்பிக்கும் நாளுக்கு 100 ரூபாய் என்று இன்னமும் பலர் சொல்வார்கள், அது பழைய கதை. 2022 ஏப்ரலிலிருந்து எத்தனை நாள் தாமதம் என்பதைப் பொறுத்து சாதாரணக் கட்டணத்தின் மடங்காகத்தான் வருகிறது. சிறிய எல்எல்பிக்கு அந்த மடங்கும் குறைவு.

படிவங்களையாவது ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். பணம் உள்ளே வருவதும் வெளியே போவதும் நம் பாடு. எங்கள் தொழிலில் பில் பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும், சம்பளமோ சனிக்கிழமை தவறாமல் போட்டாக வேண்டும். வராத வாரம் சகலையிடமோ மச்சானிடமோ கைமாற்று வாங்குவோம். (பேங்க் வழியாகத்தான். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் எந்த அமைப்பாக இருந்தாலும் அபராதம்.) இதையே கம்பெனி பெயரில் வாங்கினால் அது கம்பெனிச் சட்டம் கட்டுப்படுத்தும் டெபாசிட் ஆகிவிடும். டைரக்டரிடமும் அவருடைய உறவினரிடமும், சொந்தப் பணம்தான் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாங்கலாம். ஆனால் கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் அப்பா, அம்மா, கணவன் மனைவி, பிள்ளைகள், மருமகன், மருமகள், கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள்; சகலையும் மச்சானும் இல்லை! எல்எல்பிக்கு இந்தத் தடையே கிடையாது.

வெளியே எடுப்பதும் அப்படித்தான். மகளின் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்தால் எல்எல்பியில் அது டிராயிங்ஸ் (பார்ட்னர் சொந்தச் செலவுக்கு எடுப்பது), என் கணக்கில் பற்று எழுதிவிட்டால் முடிந்தது. கம்பெனியில் சம்பளமாக எடுக்க வேண்டும், இல்லையேல் டிவிடெண்டாக, அதாவது பங்குக்கான லாபமாக. சும்மா எடுத்தால் டைரக்டருக்குக் கொடுத்த கடன். அதற்குக் கம்பெனிச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு, வருமான வரியில் டிவிடெண்டாகவே கருதி வரி போடவும் இடமுண்டு. கல்லாவில் கைவைத்துப் பழகிய குடும்பத் தொழிலுக்கு இது தினசரித் தலைவலி.

வரியில் கம்பெனிக்கு ஒரு கை மேல். எல்எல்பிக்கு 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. கம்பெனி சலுகைகளை விட்டுக்கொடுத்து 22 சதவீத வழியை எடுத்தால் எல்லாம் சேர்த்து சுமார் 25.17. லாபத்தைத் தொழிலிலேயே விடுபவருக்குக் கம்பெனிதான் லாபம். வீட்டுக்கு எடுப்பவருக்கு, டிவிடெண்டுக்கு அவர் கையில் இன்னொரு முறை வரி. எல்எல்பி லாபப் பங்குக்கு அது இல்லை.

‘லிமிடெட்’ என்ற சொல்லை முழுசாக நம்பவும் வேண்டாம். பேங்க் எந்த அமைப்புக்குக் கடன் கொடுத்தாலும் தனிப்பட்ட கேரண்டி கேட்காமல் விடுவது அபூர்வம். ஜிஎஸ்டி சட்டத்தின் பொறுப்பு அத்தியாயம் எல்எல்பியையும் ஃபர்ம் என்றே வைத்திருக்கிறது. பாக்கிக்கு ஒவ்வொரு பார்ட்னரும் பொறுப்பு. பிரைவேட் லிமிடெட் டைரக்டர், தன் கவனக்குறைவால் வந்ததில்லை என்று நிரூபித்துத் தப்பலாம். எல்எல்பி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

வெளி முதலீடு வாங்கும் எண்ணம் இருந்தாலோ, ஊழியருக்குப் பங்கு கொடுப்பதாக இருந்தாலோ கம்பெனிதான். நான் முதலீட்டாளரிடம் போனதில்லை. போனவர்கள் சொன்னதை வைத்தே இதை எழுதுகிறேன். பிறகு மாறலாமா என்றால், எல்எல்பியிலிருந்து கம்பெனிக்கு இரண்டே பேரோடு மாறலாம். கம்பெனியிலிருந்து எல்எல்பிக்கு மாறும்போது வரி விழாமல் இருக்க, முந்தைய மூன்று வருடமும் விற்றுமுதல் 60 லட்சத்தைத் தாண்டாமலும் சொத்து மதிப்பு 5 கோடிக்குள்ளும் இருக்க வேண்டும். வேறு நிபந்தனைகளும் உண்டு. சந்தேகம் இருந்தால் எல்எல்பியில் தொடங்குவது பாதுகாப்பு என்று நான் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

எல்எல்பி எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை மட்டும் டெம்ப்ளேட்டில் விட்டுவிடாதீர்கள். பதிவான 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எழுதாமல் விட்ட விஷயங்களுக்குச் சட்டத்தின் முதல் அட்டவணை வந்து உட்கார்ந்துகொள்ளும்: யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் லாபம் சரிபாதி, வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் ஒப்பந்தத்தில் சம்பளத்தை எழுதினோம், லாபப் பங்கை எழுதினோம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் கடன் வாங்க இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பதையும் வக்கீலிடம் சொல்லிச் சேர்த்துக்கொண்டோம்.