மொட்டை மாடியில் குட்டைக் கல்வாழை: ஆறு வருட அனுபவம்

அம்மா வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் கல்வாழை நின்றது. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அங்கேதான் போகும். யாரும் உரம் வைத்ததில்லை. அதுபாட்டுக்கு ஆள் உயரம் வளர்ந்து பூத்தது. ரயில்வே ஸ்டேஷன் பாத்திகளில் பார்த்திருப்பீர்களே, அதே செடிதான்.

திருச்சியில் மாடி வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் செடி இல்லாமல் எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ஆறடிச் செடியைத் தொட்டியில் வைத்தால் ஆடிக் காற்றுக்குத் தொட்டியோடு சாயும். அதனால்தான் குட்டை ரகத்துக்குப் போனேன். இப்போது இரண்டு ரகம் இருக்கிறது. சிவப்பில் மஞ்சள் கரை போட்ட ‘லூசிஃபர்’ கிழங்கிலிருந்து வந்தது. இளஞ்சிவப்பு ‘டிராபிகல் ரோஸ்’ விதையிலிருந்து வந்தது. 1992-இல், அமெரிக்காவில் புது ரகங்களைச் சோதித்துக் கொடுக்கும் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது வாங்கிய ரகம் இது. இரண்டுமே என் மாடியில் இரண்டரை அடியைத் தாண்டுவதில்லை.

விதைதான் முதலில் என்னைத் திணறடித்தது. கறுப்பாக, உருண்டையாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். தரையில் போட்டால் டக்கென்று சத்தம் கேட்கும். ஆங்கிலத்தில் ‘இந்தியன் ஷாட்’ என்பார்கள், ஷாட் என்றால் துப்பாக்கி ரவை. ஐந்து நாள் ஊறவைத்தும் ஒன்றுகூட உப்பவில்லை. அப்புறம் ஒவ்வொன்றையும் உப்புத்தாளில் ஒரே பக்கமாகத் தேய்த்தேன். கறுப்புத் தோல் போய், உள்ளே வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டதும் காலையில் உப்பியிருந்தன. ஒன்பதாம் நாள் முளை, மூன்றாம் மாதம் முதல் பூ.

பதினைந்து அங்குலப் பையில் செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் சம அளவு, கூடவே ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். கொல்லைச் செடி போலக் கவனிக்காமல் விட்டால் இது பூக்காது. பைக்குள் இருப்பதால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை உரம் கேட்கும். சித்திரையில் இரண்டு வேளைத் தண்ணீர் கட்டாயம். ஒருநாள் மறந்தாலும் இலை ஓரம் காய்ந்துவிடும், அது திரும்பப் பச்சையாகாது.

ஒரு கதிர் பூத்து முடிந்ததும் அடியோடு வெட்டாதீர்கள். அதற்குக் கீழேயே பக்கமொட்டு இருக்கும், அதற்கு மேலாக வெட்டினால் அதே தண்டு இன்னொரு முறை பூக்கும். அதுவும் முடிந்த பிறகு தண்டை மண் மட்டத்துக்கு வெட்டலாம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் போனது. காலையில் தேன்சிட்டு வருகிறது, அந்த அரை மணி நேரத்துக்கே இந்த வேலையெல்லாம் தகும்.

ஐப்பசி மழையில் இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் துருநோய் வரும். அந்த இலைகளை வெட்டி எடுத்துவிட்டு, பைகளை நெருக்கமில்லாமல் வைத்தால் போதும். இலை ஓரம் மடிந்து ஒட்டியிருந்தால் பிரித்துப் பாருங்கள், கண்ணாடி போன்ற பச்சைப் புழு உள்ளே படுத்திருக்கும். கையாலேயே எடுத்துவிடுவேன். நரம்போடு நரம்பாக மஞ்சள் கோடு விழுந்தால் அது வைரஸ், அதற்கு மருந்தில்லை. அப்படி மூன்று பைச் செடிகளைக் கிழங்கோடு பிடுங்கி எறிந்தேன். அன்று சாப்பாடே இறங்கவில்லை.

ஒரு நர்சரியில் குட்டை என்று சொல்லித் தந்தது ஐந்தடி வளர்ந்தது. அன்றிலிருந்து பூத்த நிலையில் இருக்கும் செடியைத்தான் வாங்குகிறேன். முழங்காலுக்குச் சற்று மேலே பூ வந்திருந்தால் அது குட்டைதான்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தை மாதத்தில் கிழங்கைப் பிரித்தே ஆக வேண்டும். தள்ளிப்போட்ட வருடம் பை பக்கவாட்டில் கிழிந்தது, பூவும் பாதியாகக் குறைந்தது. இந்தத் தையில் பிரித்ததில் நான்கு கிழங்கு அம்மா வீட்டுக்குப் போனது. நெட்டைச் செடிகளின் நிழல் படாத பக்கமாக, துவைக்கும் கல்லுக்கு முன்னால் நட்டோம். இரண்டில் முளை வந்துவிட்டது என்று நேற்று அம்மா போனில் சொன்னார்கள்.