பத்து ரூபாய் மஞ்சப்பை: பையும் இயந்திரமும் பின்னால் நிற்கும் சட்டமும்

பேருந்து நிலையம், காய்கறிச் சந்தை, கோயில் வாசல் என்று மக்கள் கூடும் இடங்களில் வைக்கப்பட்டிருக்கும் மஞ்சப்பை தானியங்கி இயந்திரங்களைப் பற்றித் திறப்பு விழாச் செய்திகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் அந்த இயந்திரத்திலிருந்து விழுகிற பை பத்து ரூபாய்க்குத் தகுமா, கடைகண்ணிக்குப் போய்வரத் தாங்குமா, பாலித்தீன் கவரின் இடத்தை அது உண்மையிலேயே பிடிக்குமா என்று ஒரு பொருளாக அதை எடைபோட்டு எழுதியதை நான் படித்ததில்லை. வீட்டுச் சாமானை எல்லாம் இந்தப் பையிலேயே வாங்கிவருகிறவன் என்ற முறையில் அதைச் செய்ய முயல்கிறேன். பையோடும் இயந்திரத்தோடும் அவற்றுக்குப் பின்னால் நிற்கும் சட்டத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டால் இந்தப் பை ஓர் ஊரில் விலைபோவதும் இன்னோர் ஊரில் தூசி படிந்து கிடப்பதும் ஏன் என்று விளங்காது.

கோயம்பேடு சந்தையில் 2022-இல் வைக்கப்பட்டு, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவிய இயந்திரம் இது. பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டால் மடித்து வைத்த பை ஒன்று கீழே வந்து விழும். பல கடைகளில் வாங்க மறுப்பதால் வீட்டு டப்பாவில் சேர்ந்துவிட்ட பத்து ரூபாய் நாணயங்களுக்கு இங்கே மறுப்பில்லை என்பது சின்ன விஷயம்தான். எனக்கு அதில் பெரிய நிறைவு. குறைகளும் உண்டு. நான் வழக்கமாகப் போகும் சந்தையில் உள்ள இயந்திரம் கசங்கிய ரூபாய்த் தாளைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலையில் பை தீர்ந்துபோனால், மறுபடி நிரப்ப ஆள் வருவதற்குள் கூட்டமே ஓய்ந்துவிடுகிறது. பழுதானால் அழைக்க வேண்டிய எண் வெயிலில் வெளுத்து, படிக்க முடியாமல் இருக்கிறது. இவற்றைவிடப் பெரிய குறை அதை வைத்திருக்கும் இடம். பை கொண்டுவரவில்லை என்பது யாருக்கும் சந்தை வாசலில் நினைவுக்கு வருவதில்லை. கத்தரிக்காயை நிறுத்துத் தராசுத் தட்டைக் கடைக்காரர் நீட்டும்போதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த நேரத்தில் வாசலுக்குத் திரும்பி நடக்க யாருக்கும் மனம் வராது, பின்னால் நிற்பவர்களும் விடமாட்டார்கள். இயந்திரம் காய்கறி வரிசைகளுக்கு நடுவே இருந்திருக்க வேண்டும்.

பையைப் பொறுத்தவரை, மஞ்சள் சாயம் ஏற்றிய பருத்தித் துணி. வெளிச்சத்தில் பிடித்தால் பாவும் ஊடும் தெரிகிற அளவுக்கு மெல்லியது. கைப்பிடி அதே துணியை மடித்துத் தைத்தது. ஒரு பையை வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது கைப்பிடி பையோடு சேரும் இடத்தைத்தான்: அங்கே சதுரமாகத் தைத்து அதற்குள் பெருக்கல் குறி போல் குறுக்குத் தையல் போட்டிருந்தால் ஐந்து கிலோ அரிசியைக் கவலையில்லாமல் தூக்கலாம்; ஒற்றைத் தையலோடு விட்டிருந்தால் இரண்டு தேங்காய்க்கே நூல் விட்டுக்கொடுக்கத் தொடங்கும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தைக்கும் பைகளில் நான் வாங்கியவை பெரும்பாலும் முதல் வகை. அடிப்பாகத்தில் மடிப்பு வைக்காமல் தட்டையாகத் தைத்திருப்பதால் தக்காளி ஒரு மூலையில் குவிந்து நசுங்குகிறது. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் அடியில் பரப்பி, தக்காளியைக் கடைசியில் போட்டால் சமாளிக்கலாம். முதல் சலவையில் சாயம் விடும். கல்லுப்பு கரைத்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துத் தனியாகத் துவைத்தால் பிறகு அவ்வளவாக விடுவதில்லை, ஆனால் துணி கொஞ்சம் சுருங்கும்.

இந்தப் பையிடம் எவ்வளவு உழைப்பை எதிர்பார்க்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு, மெல்லிய பாலித்தீன் பையை ஒரே முறை பயன்படுத்தி எறிவதோடு ஒப்பிட்டு, புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு பருத்திப் பை அதற்கு ஈடாவதற்கே 131 முறை பயன்பட வேண்டும் என்று கணக்கிட்டது. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் பூச்சிமருந்தும் வேண்டியிருப்பதே காரணம். சாக்கடை அடைப்பையும் மாட்டின் வயிற்றில் சேரும் கவரையும் அந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்பதால், நம் ஊருக்கு அதுவே முடிந்த முடிவு ஆகாது. ஆனாலும் கேள்வி நியாயமானது. வாரத்துக்கு மூன்று தடவை கடைக்கு எடுத்துப் போனால் 131 முறைக்கு ஏறத்தாழ பத்து மாதம் ஆகும். குறுக்குத் தையல் போட்ட பை அதைத் தாராளமாகத் தாங்கும். ஒவ்வொரு தடவையும் மறந்துபோய் புதிதாக ஒன்றை வாங்கி, வீட்டில் அடுக்கிவைத்துக் கொண்டிருந்தால் பத்து ரூபாயும் வீண், பருத்தியும் வீண்.

மஞ்சப்பைக்கு இன்று பெரிய போட்டி கண்ணாடிபோல் மெல்லிய கவரைக் காட்டிலும், பல துணிக்கடைகளில் 'துணிப்பை' என்று சொல்லித் தரப்படும் நெய்யாத பைதான் என்பது என் எண்ணம். பார்வைக்குத் துணி, உண்மையில் பாலிபுரொப்பிலின் பிளாஸ்டிக். உற்றுப் பார்த்தால் இழைகளே இருக்காது, வரிசையாக அழுத்திய புள்ளிகள்தாம் இருக்கும்; ஓரத்தில் நூலை உருவ முடியாது; தீக்குச்சியைக் காட்டினால் கருகிச் சாம்பலாகாமல் உருகிச் சுருண்டு சொட்டும். கொல்லையில் சில மாதம் வெயிலில் கிடந்தால், கையில் எடுத்ததும் செதில் செதிலாக உதிரும், அந்தத் துகள்களை மண்ணிலிருந்து பொறுக்கவே முடியாது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களில் இந்தப் பையும் ஒன்று என்பது வாங்குவோரில் பலருக்குத் தெரிவதில்லை.

அந்தத் தடை இல்லாவிட்டால் பத்து ரூபாய்ப் பைக்குச் சந்தையே இருந்திருக்காது. சட்டமன்றத்தில் 2018 ஜூன் 5 அன்று அறிவித்து, வியாபாரிகளுக்கு ஆறு மாதத்துக்கு மேல் அவகாசம் கொடுத்துத் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மத்திய விதிகள் 120 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் தடிமனுள்ள பிளாஸ்டிக் பைகளை இன்றும் அனுமதிக்கின்றன. தமிழகத்தின் தடை எந்தத் தடிமனுக்கும் விலக்குத் தரவில்லை, தடிமனை அளக்கும் கருவி இல்லாத கீரைக்கடையில் அமலாக்குவதற்கு அதுவே எளிது. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பர் 23 அன்று, தடை வந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகு தொடங்கியது. மாற்றுப் பொருளைக் கையில் கொடுத்துவிட்டுத் தடை விதித்திருந்தால் அந்த மூன்று ஆண்டுகளில் கவர் மறுபடியும் கடைக்குள் நுழைந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றும் கடைக்காரருக்கு ஒரு கவர் ஒரு ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கிறது, வாடிக்கையாளருக்கு அது இலவசம். பத்து ரூபாய்ப் பை வெறும் நல்லெண்ணத்தை நம்பி அதோடு மோத முடியாது.

கவருக்கு விலை வைக்கும் வழியை நாடு முன்பே முயன்றது. 2011-இல் வந்த மத்திய விதிகள், கடைகள் கவரை இலவசமாகத் தரக்கூடாது என்று தெளிவாகவே சொல்லின. தெருக்கடைகளில் அதை நடைமுறைப்படுத்த ஆளும் ஏற்பாடும் இல்லாமல் அது ஏட்டோடு நின்றது. அயர்லாந்து 2002 மார்ச்சில் ஒரு பைக்கு 15 சென்ட் வரி விதித்தபோது, அந்தத் தொகை ரசீதில் தனியாகத் தெரிந்தது, வருவாய்த் துறையே வசூலித்தது, பணம் சுற்றுச்சூழல் நிதிக்குப் போனது. ஆண்டுக்கு ஆளுக்கு 328 பை என்று மதிப்பிடப்பட்ட பயன்பாடு 21-ஆக இறங்கியது. ரசீதே எழுதாத நம் பூக்கடைக்கும் மீன்கடைக்கும் அந்த முறை அப்படியே பொருந்தாது. நமக்குத் தடையும் தொடர்ந்த சோதனையும்தான் வழி. நீலகிரியில் 2000-களின் தொடக்கத்தில், சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோதே கவருக்கு எதிரான இயக்கம் தொடங்கி, சோதனைச் சாவடியில் வண்டிகளைப் பார்ப்பது வரை நிலைத்துவிட்டது. ஊட்டியில் கவர் கேட்டால் கடைக்காரர் தலையசைத்து மறுத்துவிட்டுத் தாளில் மடித்துக் கொடுப்பதை, தடை ஏட்டில் மட்டும் இருக்கும் ஊர்க்காரர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஈரச் சாமானுக்கு மஞ்சப்பை உதவாது. மீன், இறைச்சி, தோசை மாவு ஆகியவற்றுக்குத் தூக்குச்சட்டி அல்லது எவர்சில்வர் சம்படம்தான் வேண்டும். அதைப் பைக்குள் நிமிர்த்தி வைத்து எடுத்துவரவும் மடிப்பு வைக்காத அடிப்பாகம் தடையாக இருக்கிறது. பாத்திரம் கொண்டுவருவோருக்கு மீன்கடைகளில் முதலில் நிறுத்துக் கொடுப்பது போன்ற சின்ன மரியாதையை வியாபாரிகள் சங்கங்கள் வழக்கமாக்கினால் நன்மை உண்டு.

மொத்தத்தில் பையை வாங்கலாம் என்றே சொல்வேன். வாங்கும்போது கைப்பிடித் தையலைப் பார்த்து வாங்கி, ஒன்றை வண்டிப் பெட்டியிலும் ஒன்றை அலுவலகப் பையிலும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தை நிர்வகிப்பவர்கள், அடிமடிப்பு வைத்த பெரிய பை ஒன்றை இருபது ரூபாய்க்குச் சேர்க்கலாம். பை தீர்ந்தால் பக்கத்துக் கடையிலேயே ஒரு கட்டு இருப்பு வைக்க ஏற்பாடு செய்யலாம். அழைப்பு எண்ணை வெயிலில் வெளுக்காத தகட்டில் பொறித்து ஒட்டலாம்.