நிலவியலா, சுற்றுச்சூழல் அறிவியலா?

நிலவியலாளரின் வேலை பாறையிலிருந்து தொடங்குகிறது. சுத்தியலால் ஒரு துண்டை உடைத்து, அதன் புதிய முகத்தை உருப்பெருக்கியில் பார்த்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டதும் நுரைத்துப் பொங்கினால் அதில் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம் இருக்கிறது என்று அறிகிற அந்தக் கணத்தின் மகிழ்ச்சியை எந்த அலுவலக வேலையும் தருவதில்லை. சுரங்கம், எண்ணெய், அணை அடித்தளம், நிலத்தடி நீர் எனப் பணிகள் விரிந்தாலும், கனிமங்களின் விலை சரியும்போது முதலில் நிற்பது புதிய ஆய்வுப் பணிகளுக்கான ஆள்சேர்ப்புதான்.

சுற்றுச்சூழல் அறிவியலோ பெருமளவு சட்டத்தை நம்பி நிற்கிறது. அமெரிக்காவில் 1970இல் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் வந்த பிறகு, பெரிய திட்டங்களின் தாக்கத்தை முன்கூட்டியே மதிப்பிடும் முறை பல நாடுகளுக்கும் பரவியது. விதிகள் தளர்ந்தால் வேலையும் சுருங்கும். களத்தில் மாதிரி எடுக்கும் நேரத்தைவிட அறிக்கை எழுதும் நேரமே அதிகம் என்பதைச் சேரும் முன்பே அறிந்துகொள்வது நல்லது.

இரண்டு துறைகளும் கைகோக்கும் இடமும் உண்டு. வங்கதேசத்தின் கிணற்று நீரில் ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமம் ஏன் கரைகிறது என்பதை வண்டல் படிவுகளைப் படித்த நிலவியலாளர் விளக்குகிறார். அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவைத் தாண்டுகிறதா, யாரைப் பாதிக்கிறது என்பதைச் சுற்றுச்சூழல் அறிவியலாளர் ஆராய்கிறார்.

முடிவெடுக்கத் தயங்குகிறவருக்கு என் பரிந்துரை, இளநிலையில் வேதியியலுடன் நிலவியலையும், முதுநிலையில் சுற்றுச்சூழலையும் படிப்பதே. சட்டத்தையும் அறிக்கை எழுதுவதையும் பணியில் சேர்ந்த பிறகும் கற்கலாம். பாறையைப் படிக்கும் கண், பல பருவங்கள் களத்தில் நடந்தால்தான் வாய்க்கிறது.