கரையான் கிட் ரிவ்யூ: முழு மார்க் பேனாவுக்குத்தான்

பொண்ணோட சயன்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு உயிரோட இருக்குற கரையான் கிட் வாங்கினோம், இங்க அமெரிக்காவுல ஸ்கூலுக்கு லேப் சாமான் விக்கிற கடைங்கள்ல இதெல்லாம் கிடைக்கும். கடை பேரு போடல, திட்டவும் வேண்டியிருக்கு அதான். டப்பாவுல ஈரமான டிஷ்யூ, அட்டைத் துண்டு, வெள்ளை வெள்ளையா வேலைக்காரக் கரையான், நடுவுல பெரிய தலையோட சோல்ஜர் கொஞ்சம், கூட ஒரு பிரஷ்ஷு, ஒரு பேப்பர்மேட் பால்பாயின்ட் பேனா. இங்க கிழக்குப் பக்கம் வீட்டு மரத்தைத் தின்னுற அதே ரெட்டிகுலிடெர்மெஸ் ஃப்ளாவிபெஸ் ஜாதிதான். வீடியோ கால்ல அம்மா பாத்துட்டு "ஏன்டி, நாங்க இங்க காசு குடுத்து அத விரட்டிட்டு இருக்கோம், நீ காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள வெக்கிறியா"ன்னு ஒரே சத்தம்.

சரி மேட்டருக்கு வரேன். வெள்ளைப் பேப்பர்ல அந்தப் பேனாவால பெருசா ஒரு எட்டு போட்டு, பிரஷ்ஷால கரையானை மெதுவா எடுத்து கோட்டு மேல விட்டா, முதல்ல கொஞ்சம் முழிக்கும், அப்புறம் மீசைய ரெண்டு பக்கமும் தட்டிக்கிட்டே கோட்டைப் பிடிச்சு நடக்க ஆரம்பிச்சிடும், எட்டு முழுக்க சுத்தும், நிக்காது. பென்சில் கோட்டுல விட்டா கண்டுக்கவே இல்ல. அதே நீலக் கலர்ல ஜெல் பேனா கோடு போட்டோம், அதையும் குறுக்கால தாண்டிப் போயிடுச்சு. அப்ப கலர் காரணம் இல்லன்னு பொண்ணே சொல்லிட்டா. சொல்லப்போனா வேலைக்காரக் கரையானுக்கு கண்ணே கிடையாது, கலர் எங்க பாக்குறது.

இங்கதான் கிட் மேல எனக்கு கடுப்பு. கூட வந்த தாள்ல "கரையான் மையைப் பின்தொடரும், ஏன் என்று யோசி"ன்னு ஒரே ஒரு வரி. ஏன்னு அவங்க சொல்லணும்ல? நான் தேடிப் படிச்சத இங்க போடுறேன், வாங்குறவங்களுக்கு யூஸ் ஆகும்.

கரையானோட வயித்துக்கு அடிப்பக்கம் ஒரு சுரப்பி இருக்கு. நடக்கும்போது வயித்தைத் தரையில தொட்டுத் தொட்டு அதுலருந்து ஒரு கெமிக்கலை விட்டுட்டுப் போகும், பின்னாடி வர்றது மீசையால அத மோந்து பாத்து வரும். சும்மா இடம் தேடிப் போறப்ப தடம் லேசா இருக்கும், நல்ல மரம் ஏதாச்சும் கிடைச்சுட்டா திரும்பி வரும்போது வயித்தை நல்லா அழுத்தி அழுத்தி தடத்தைப் பலமாக்கிட்டு வரும், அப்புறம் கூட்டமே கிளம்பிடும். இருட்டுல மண்ணுக்குள்ள இருக்குற குருட்டுக் கூட்டத்துக்கு மேப்பு, மெசேஜு ரெண்டும் இதான். இந்த ஜாதிங்கள்ல அந்த கெமிக்கல் பேரு டோடெகாட்ரையினால், 12 கார்பன் இருக்குற ஒரு ஆல்கஹால். 1968ல மட்சுமுரான்னு ஒருத்தரும் அவர் டீமும் கண்டுபிடிச்சாங்க, அதுல செம விஷயம் என்னன்னா பூஞ்சை பிடிச்சு அழுகின மரத்துலயும் இதே சரக்கு இருக்கு. அளவும் ரொம்ப ரொம்பக் கம்மி, பிகோகிராம் கணக்கு, அதாவது ஒரு கிராமை லட்சம் கோடியா பிரிச்சா வர்றது ஒரு பிகோகிராம்.

பேனா எங்க வருதுன்னா, சில பால்பாயின்ட் மையில 2-ஃபினாக்ஸிஎத்தனால்னு ஒரு கரைப்பான் போடுறாங்க. கரையானுக்கு அது தன் தடம் மாதிரியே படுது. 1998ல லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்க பால்பாயின்ட் மையிலருந்து இதைத் தனியா பிரிச்செடுத்து, ரெட்டிகுலிடெர்மெஸ், ஃபார்மோசா கரையான் ரெண்டும் இதுக்குப் பின்னாடி போகுதுன்னு காட்டியிருக்காங்க. நம்ம வீட்டு க்ரீம், ஷாம்பு லேபிள்ல ஃபினாக்ஸிஎத்தனால்னு இருக்கே, அதே ஆள்தான், அங்க கெட்டுப்போகாம இருக்க போடுறாங்க. தண்ணி மை ஊத்துற ஜெல், ஸ்கெட்ச் பேனாவெல்லாம் இதுக்கு ஆகாது.

செய்யப் போறவங்களுக்கு ஒண்ணு. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புதுப் பேப்பர் எடுங்க. கோடு போடச் சொன்னா ரோடே போடுவான்னு சொல்வோம்ல, இதுங்க நிஜமாவே அப்படித்தான், நம்ம கோட்டுல நடக்கும்போதே சொந்தத் தடத்தையும் மேல விட்டுட்டுப் போகுது, அதே பேப்பர்ல அடுத்த டெஸ்ட் பண்ணா பேனாவுக்கு வருதா முன்னாடி போனதுக்கு வருதான்னு தெரியாது. வளைவா போடுங்க, ஊசி மாதிரி மூலை வந்தா நேரா வெளிய போய் தடுமாறி நிக்குது, அது பாக்க பாவமா இருந்தாலும் ப்ராஜெக்ட்டுல எழுத நல்ல பாயின்ட்டு, டீச்சருக்கும் பிடிச்சுது. கையால தொடாதீங்க, உடம்பு ரொம்ப மெத்து. டிஷ்யூ காஞ்சா செத்துடும்.

குறைன்னா, பார்சல்ல கணிசமா செத்து வந்துச்சு, கேட்டா பதில் வர்றதுக்குள்ள ப்ராஜெக்ட் தேதியே முடிஞ்சிடுச்சு. அந்தத் தாள் வேஸ்ட். வேலை முடிஞ்சா என்ன பண்றதுன்னு கூட அதுல இல்ல, தோட்டத்துல கொட்டிடாதீங்க, நாங்க டப்பாவோட ஃப்ரீசர்ல வெச்சு அப்புறம் குப்பையில போட்டோம் (ஃப்ரீசர் மேட்டர் அம்மாகிட்ட சொல்லல).

ஸ்கூல்ல மைக்ராஸ்கோப் இருந்தா மட்டும் கிட்டு முழுசா வாங்குறது வொர்த், ஏன்னா வயித்துக்குள்ள மரத்தைச் செரிக்க வெக்கிற டிரைக்கோநிம்ஃபான்னு ஒரு ஒத்த செல் உயிரி நெளியுறதையும் பாக்கலாம், டீச்சர் ஹெல்ப் வேணும். கிட்டுக்கு 5க்கு 3, பேனாவுக்கு 5க்கு 5.