டிஸ்கிராஃப்ட் பஸ்ஸ்: மலைக்காட்டு மைதானத்துக்குச் சரிப்படுமா?

பெயரைக் கேட்டால் ஊர்ப் பேருந்து நினைவுக்கு வரும். ஆனால் ஆங்கிலத்தில் மூன்று இசட் போட்டு எழுதும் ரீங்காரம் இது. டிஸ்க் கால்ஃபில் (பறக்கும் தட்டான டிஸ்க்கை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம்) டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் மிட்ரேஞ்ச் வகை, அதாவது நடுத்தரத் தூரத்துக்கான டிஸ்க்; விட்டம் 21.7 செ.மீ. பறக்கும் விதத்தைச் சொல்லும் எண்கள்: வேகம் 5, மிதப்பு 4, டர்ன் (தொடக்கத்தில் பக்கம் நகர்வது) -1, ஃபேட் (கடைசியில் எதிர்ப்பக்கம் இறங்குவது) 1. வலக்கை பேக்ஹேண்டில் (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறியும் முறை) முதலில் துளி வலப்பக்கம் நகரும், வேகம் தணிந்ததும் துளி இடப்பக்கம் இறங்கும். ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் பாதை கிட்டத்தட்ட நேர்கோடு.

காட்டில் இதுதான் வேண்டும். 20 மீட்டர் தள்ளி மரங்களுக்கிடையே 3 மீட்டர் இடைவெளி என்றால் இருபக்கமும் பிழைக்குக் கிடைப்பது 4 டிகிரிதான். வேகம் 12 உள்ள டிரைவரை (நெடுந்தூர டிஸ்க்) சராசரிக் கையால் எறிந்தால், இடைவெளியைத் தாண்டினாலும் கடைசியில் இடப்பக்கப் புதருக்குள் போய் விழும். தூரம் குறைந்தாலும் பஸ்ஸ் பாதையின் நடுவிலேயே கிடக்கும்.

சரிவில்தான் சிக்கல். மேல்நோக்கி எறியும்போது பலரும் டிஸ்க்கின் மூக்கை, அதாவது முன்விளிம்பைத் தூக்கிவிடுகிறார்கள். அது காற்றில் நின்று, இடப்பக்கம் சரிந்து, எறிந்தவரை நோக்கியே வழுக்கி வரும். தோள்களைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்து, மூக்கைத் தாழ்த்தி எறிய வேண்டும். கீழ்நோக்கி எறியும்போது டிஸ்க் அதிக நேரம் காற்றில் இருக்கும்; சின்ன டர்னும் பெரிதாகிவிடும். அதற்கு லேசான ஹைசர் கோணத்தில் (வெளிவிளிம்பு தாழ்ந்த சாய்வில்) விடுவது பாதுகாப்பு. கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் 1984-ல் தொடங்கிய டெலவியாகா மைதானத்தில், ‘உலகின் உச்சி’ என்று பெயர் பெற்ற 27-ஆம் குழி (எறியுமிடம் முதல் கூடை வரையிலான பாதை) இப்படிப்பட்டதுதான். அங்கே கூடையைச் சுற்றியுள்ள சரிவுகளில் விளிம்பில் விழும் டிஸ்க் சக்கரம்போல உருண்டு ஓடும். பஸ்ஸ் தட்டையாக இறங்குவதால் அந்த ஆபத்து குறைவு, இல்லாமல் போகாது.

கொலராடோ போன்ற உயரமான இடங்களில் காற்று மெலிது. டிஸ்க் சீக்கிரம் இடப்பக்கம் விழும். அங்கே 170 கிராமுக்குக் கீழே எடுங்கள். மற்ற இடங்களுக்கு 175–177.

பிளாஸ்டிக் தேர்வில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான புரோ-டி பிளாஸ்டிக் கையில் நன்றாக ஒட்டும். ஆனால் மரத்தில் மோதி மோதி விளிம்பு வளைந்து, வலப்பக்கம் ஓட ஆரம்பித்துவிடும். இசட் பிளாஸ்டிக் நெடுநாள் உழைக்கும். குளிரிலும் பனி ஈரத்திலும் வழுக்கும், துண்டு இல்லாமல் போகாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் இஎஸ்பி. நம் ஓட்டு அதற்கே.

குறை? எதிர்காற்றில் நம்ப முடியாது. மலைமுகட்டு டீயில் (எறியும் இடத்தில்) பஸ்ஸ் ஓஎஸ், அதாவது எளிதில் வலப்பக்கம் திரும்பாத பஸ்ஸ் வகை தேவைப்படும். கோணத்தில் செய்யும் தவறையும் இது மறைக்காது: சாய்த்து விட்டால் சாய்ந்தேதான் போகும்.

ஒரே எடையில் இரண்டு வாங்குங்கள். தேய்ந்ததை வீசிவிடாதீர்கள், வலப்பக்கம் வளையும் பாதைகளுக்கு அதுதான் கைகொடுக்கும்.