பிள்ளைகளே எழுதும் சினிமா விமர்சனம்: கிட்ஸ் ஃபர்ஸ்ட்டை நம்பி டிக்கெட் எடுக்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்ஸ் ஃபர்ஸ்ட்டில் பிள்ளைகள் போடுகிற நட்சத்திரத்தைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள், ஆனால் அவர்கள் எழுதியிருப்பதைப் படிக்காமல் சின்னப் பிள்ளையைத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டும் போகாதீர்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம்: அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து சாண்டா ஃபேயில் ரானி லெவி என்பவர் 1991-ல் ஆரம்பித்த லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துகிற, பிள்ளைகளின் சினிமா விமர்சனத் திட்டம் இது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, படம் பார்க்க வைத்து, எழுதவும் கேமரா முன்னால் பேசவும் விடுகிறார்கள். விமர்சனத்தோடு எழுதிய பிள்ளையின் வயதும் இருக்கும், நான் முதலில் தேடுவது அதைத்தான், ஏனென்றால் 9 வயதுக்காரி "பயமாக இருந்தது" என்பதும் 16 வயதுப் பையன் "ஒன்றும் பயமில்லை" என்பதும் ஒரே படத்தைப் பற்றிய வேறு வேறு தகவல். எங்கள் வீட்டில் 9 வயதில் ஒன்றும் 6 வயதில் ஒன்றும் இருப்பதால் பெரிய பையன்கள் எழுதியதை நான் அதிகம் படிப்பதில்லை.

எழுதுகிற முறை ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். கதை, நடிப்பு, அனிமேஷன் அல்லது இசை, பிடித்த காட்சி, படம் சொல்கிற கருத்து, எதைப் பார்த்துப் பயப்படலாம் என்ற எச்சரிக்கை, கடைசியில் 5-க்கு இத்தனை நட்சத்திரம், இத்தனை வயதிலிருந்து இத்தனை வயது வரை பார்க்கலாம், அப்புறம் பெரியவர்களும். நான் கடைசிப் பத்தியிலிருந்து மேலே போகிறேன். எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு நேராகப் பிடித்த காட்சிக்குப் போவேன். சரக்கு இருப்பது அங்கேதான். பெரியவர்கள் எழுதும் விமர்சனத்தில் எத்தனை கெட்ட வார்த்தை, எத்தனை அடிதடி என்று கணக்கு இருக்கும், ஆனால் எந்த இடத்தில் பிள்ளை சீட்டு நுனிக்கு வரும், எந்த இடத்தில் "அம்மா, எப்போ முடியும்" என்று முழங்கையைச் சுரண்டும் என்பதை இன்னொரு பிள்ளைதான் சொல்ல முடியும். நடுவில் பேச்சு நீளமாகப் போகிறது, தம்பி தங்கைகளுக்கு அலுக்கலாம் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் எனக்கு அது போதும், சின்னவனை அவன் அப்பாவோடு வீட்டில் விட்டுவிட்டுப் பெரியவளோடு மட்டும் போய்விடலாம்.

சென்சார் சான்றிதழைப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். 'ஃபைண்டிங் நீமோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் வந்தது, அமெரிக்காவில் ஜி, அதாவது எல்லா வயதுக்கும். ஆரம்பமே எப்படி? பெரிய மீன் ஒன்று பாய்கிறது, அம்மா மீன் போய்விடுகிறது, ஒன்றைத் தவிர அத்தனை முட்டையும் போய்விடுகிறது. ஒற்றை எழுத்துச் சான்றிதழில் இதெல்லாம் எங்கே இருக்கும்? நம் ஊரில் 2024-லிருந்து யூஏ என்பதையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், முன்பு 12 வயதுக்குக் கீழே என்று மொத்தமாகப் போட்டதற்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் அது பெற்றோருக்கு ஒரு யோசனை, அவ்வளவுதான். ஏ சான்றிதழ் என்றால்தான் 18-க்குக் கீழே உள்ளே விடக் கூடாது.

இனி ஏன் நட்சத்திரத்தை நம்ப வேண்டாம் என்கிறேன் என்றால், நான் படித்தவரை 4-க்குக் கீழே கை இறங்குவதே அபூர்வம். பிள்ளைகள் தாராளமானவர்கள், அதுவும் புதுப்படத்தை முதலில் பார்த்த சந்தோஷம் வேறு. சிவப்புக் கம்பளத்தில் நடிகர்களிடம் மைக் நீட்டிப் பேட்டி எடுக்கிற வாய்ப்பும் இவர்களுக்குக் கிடைக்கிறது, அந்த வயதில் எனக்குக் கிடைத்திருந்தால் நானும் 5-க்கு 6 போட்டிருப்பேன். கருத்து என்ன என்று எல்லாரும் ஒரு வரி எழுதுகிறார்களே, அதில் பாதி நம்மூர் நன்னெறிப் பாடம்தான்: நட்பு பெரிது, உன்னை நம்பு. அதைத் தாண்டிவிடலாம்.

அப்புறம் அவர்களுடைய குடும்பம் வேறு, நம்முடையது வேறு. "முட்டாள்" என்று திட்டுகிறார்கள், கவனம் என்று ஒரு எச்சரிக்கை, எங்கள் வீட்டில் அது காலை டிபனுக்கு முன்பே நாலு முறை வந்துவிடும். ஆனால் ஒரு முத்தக் காட்சி வந்தால் அதைப் பற்றி மூச்சே இருக்காது. பெங்களூர் அல்சூரில் மாமியாரையும் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துப் படம் பார்க்கிற எனக்கு எது எச்சரிக்கை என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும், அதன்மேல் குற்றமில்லை.

"பெரியவர்களும் பார்க்கலாம்" என்ற வரியில் எங்கள் அத்தை அடங்கவில்லை என்பதும் தியேட்டரில்தான் புரியும். பெங்களூரில் கார்ட்டூன் படம் எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் ஆங்கிலத்தில்தான், அவருக்கு அது ஏறாது. "அந்தப் பொண்ணு ஏண்டா அழுவுது?" என்று அவர் கேட்க, சின்னவன் தனக்குத் தோன்றிய ஒரு கதையை உரக்கச் சொல்ல, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்க, எனக்குப் படமே போய்விடும். பேச்சு குறைவு, கண்ணால் பார்த்தே புரியும் என்று எந்தப் பிள்ளையாவது எழுதியிருந்தால் உடனே அத்தைக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

இதோடு எந்தப் படம் எந்த வயதுக்கு என்று சொல்லும் காமன் சென்ஸ் மீடியா இணையதளத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள், அதில் பெரியவர்கள் எழுதியதற்குப் பக்கத்திலேயே பெற்றோர் சொல்லும் வயது, பிள்ளைகள் சொல்லும் வயது இரண்டும் தனித்தனியாக இருக்கும். வன்முறை, பேச்சு, குடி என்று பிரித்துப் போட்டிருப்பதால் அவசரத்துக்கு அதுதான் லேசு. சாவகாசமாக இருந்தால் கிட்ஸ் ஃபர்ஸ்ட் வீடியோவை மகளோடு உட்கார்ந்து பாருங்கள், பேச்சு வேகம் அதிகம், சப்டைட்டில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். என் மகள் பாதியில் நிறுத்திவிட்டு "இவ தப்பா சொல்றா" என்று சண்டைக்கு நிற்கிறாள், படம் பார்த்ததைவிட அந்தச் சண்டையில்தான் நிறையப் பேசுகிறாள்.

தமிழ்ப் படங்களை அங்கே தேடிப் போகாதீர்கள், நான் பார்த்தவரை பெரும்பாலும் ஹாலிவுட்தான். தீபாவளிக்கு எங்கள் பக்கத்து லாவண்யா தியேட்டரில் வருகிற படத்துக்கு 6 வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா என்பதற்கு இப்போதும் முதல் நாள் போய் வந்த பக்கத்து வீட்டு 10 வயதுப் பையனைத்தான் கேட்கிறேன், அவன் நட்சத்திரம் எல்லாம் போடுவதில்லை, "ரத்தம் ஜாஸ்தி ஆண்ட்டி" என்று முடித்துவிடுவான்.