ஒரு பிக்சல் கண்ணை எப்படிப் பெரிதாக்குவது?

பிரவுசரில் ஓடும் ஒரு சின்ன கேமுக்காக 16×16 பிக்சல் அளவில் ஒரு வீரனை வரைந்தேன். அவன் கண் ஒரே ஒரு கறுப்புப் பிக்சல். அப்படியே ஸ்க்ரீனில் விட்டால் கொசு போல இருப்பான், பெரிதாக்கியே ஆகவேண்டும். கைக்குக் கிடைத்த முறைகளையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். எந்த முறை அந்தக் கண்ணை என்ன பாடு படுத்துகிறது என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

எதையும் சொல்லாமல் விட்டால் பிரவுசர் வழக்கமாகப் பக்கத்துப் பிக்சல்களின் நிறங்களைக் கலந்துதான் படத்தை இழுக்கும். பைலீனியர் வகை இது. போட்டோவுக்குச் சரி, ஆனால் என் வீரனின் கண் அழுது மை கரைந்த கண்ணாகிவிட்டது. பைகியூபிக் என்ற இன்னொரு கலக்கும் முறை சற்றுக் கூர்மை, பதிலுக்கு விளிம்பைச் சுற்றி ஒரு வெளிர் வளையம். இரண்டையும் யோசிக்காமல் ஒதுக்கலாம்.

அடுத்தது நியரஸ்ட் நெய்பர். ஒரு பிக்சலை அதே நிறச் சதுரமாக்கும், அவ்வளவுதான். வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்-இல் இமேஜ்-ரெண்டரிங்கை ‘பிக்சலேட்டட்’ என்று வைத்தால் போதும். கேன்வாஸுக்குள் (பிரவுசர் கோட் மூலம் படம் வரையும் பரப்பு) வரைகிறவர்கள் இமேஜ் ஸ்மூத்திங்கை அணைக்க வேண்டும். இதில் அரை நாள் தொலைத்தேன்: கேன்வாஸின் அகலத்தை மாற்றினால் அந்த அமைப்பு சத்தமில்லாமல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விண்டோவை இழுத்ததும் கேம் மங்கியதற்கு அதுதான் காரணம்.

இந்த முறைக்கு ஒரே நிபந்தனை, மடங்கு முழு எண்ணாக இருக்கவேண்டும். 2.5 மடங்கு என்றால் ஒரு பிக்சல் 2 அகலம், பக்கத்துப் பிக்சல் 3 அகலம். நிற்கும்போது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வீரன் நடந்தால் கண் சுருங்கி விரிந்து கொண்டே போகும். அதனால் கேமின் அடிப்படை அளவை 320×180 என்று வைத்தேன். 4 மடங்கில் 1280×720, 6 மடங்கில் 1920×1080, 12 மடங்கில் 4கே. 1366×768 லேப்டாப்பில் 4 மடங்கு போட்டால் பக்கவாட்டில் 43 பிக்சல், மேலும் கீழும் 24 பிக்சல் கறுப்புக் கரை விழும். விழட்டும். விண்டோஸில் டிஸ்ப்ளே அளவு 125% என்றிருந்தால் இன்னொரு சிக்கல்: சிஎஸ்எஸ் கணக்கில் 4 மடங்கு ஸ்க்ரீனில் 5 ஆகும், நல்லது, 3 மடங்கு 3.75 ஆகும், கெட்டது. கரையே வேண்டாம் என்பவர்கள் முதலில் முழு மடங்குக்குப் பெரிதாக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் பைலீனியரில் இழுக்கலாம். விளிம்பில் மெல்லிய மங்கல் இருக்கும், நெளியாது.

இனி ‘புத்திசாலி’ முறைகள். எனக்குப் பிடித்தது ஸ்கேல்2எக்ஸ். 1992 வாக்கில் லூகாஸ்ஆர்ட்ஸ் கேம் நிறுவனத்தில் எரிக் ஜான்ஸ்டன், பிசி-யில் 320×200இல் ஓடிய கேம்களை ஆப்பிளின் மேக் கணினிக்கு மாற்றும்போது இபிஎக்ஸ் என்று ஒரு பெரிதாக்கும் முறையை எழுதினார். 2001இல் ஆண்ட்ரியா மட்சோலெனி எழுதிய ஸ்கேல்2எக்ஸும் அதே விடையைத் தருகிறது. ஒரு பிக்சல் நான்காகப் பிரியும். மேல் இடது கால்பகுதிக்கு, மேலே இருப்பதும் இடப்பக்கம் இருப்பதும் ஒரே நிறமா என்று பார்க்கும். ஆமென்றால், வலதும் கீழும் வேறு நிறமாக இருந்தால் மட்டும், அந்த நிறத்தை எடுத்துக்கொள்ளும். என் வீரனின் கண்ணைச் சுற்றி நாலு பக்கமும் தோல் நிறம்தான், எனவே விதி செல்லாது. கண் 2×2 சதுரமாகவே நிற்கும். அதையே இன்னொரு முறை ஓட்டினால் இப்போது விதி பொருந்துகிறது. 4×4 கண்ணின் நான்கு மூலைகளும் வெட்டுப்பட்டு உருண்டையாகிவிடும்! புது நிறம் ஒன்றுகூடச் சேராது.

மாக்சிம் ஸ்டெபினின் எச்க்யூ4எக்ஸ் சுற்றியுள்ள 8 பிக்சல்களில் எவை ஒத்த நிறம், எவை இல்லை என்று பார்த்து, 256 வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்து நிறங்களைக் கலக்கும். வாளின் சாய்வு விளிம்பு வழுவழுவென்று வரும். ஆனால் சதுரங்கப் பலகை போல் புள்ளி மாற்றிப் புள்ளி வைத்து நிழல் தீட்டியிருந்தால் நிழல் போய்ச் சேறுதான் மிஞ்சும். எக்ஸ்பிஆர்இசட் என்ற இன்னொரு முறை இதைவிடத் தெளிவு. கண் மாதிரிச் சில பிக்சல் விவரங்களைக் காப்பாற்றுவதையே நோக்கமாகக் கொண்டு எழுதப்பட்டது. அதன் நிரல் ஜிபிஎல் 3 என்ற திறந்த மூல உரிமத்தில் இருப்பதால், கேமுக்குள்ளேயே சேர்ப்பதாக இருந்தால் உரிமத்தைப் படித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறைகளுக்கெல்லாம் பொதுவான வம்பு ஒன்று உண்டு. எல்லாமே பக்கத்துப் பிக்சலைப் பார்ப்பவை. அசைவின் ஃப்ரேம்களெல்லாம் ஒரே படத்தில் அடுக்கிய ஸ்பிரைட் ஷீட்டை மொத்தமாகக் கொடுத்தால் ஒரு ஃப்ரேமின் கால் அடுத்த ஃப்ரேமின் தலையைத் தொட்டுக் கெடுக்கும். தனித்தனியாக வெட்டிக் கொடுக்கவேண்டும். திரும்பத் திரும்பப் பதிக்கும் புல்தரைத் துண்டை (டைல்) தனியாகப் பெரிதாக்கினால் சேரும் இடத்தில் தையல் தெரியும். அதே டைலை 3×3 ஆக அடுக்கிப் பெரிதாக்கி, நடுவில் இருப்பதை மட்டும் வெட்டி எடுத்தால் போகும்.

ஆன்லைன் கேம் என்பதால் எடையும் முக்கியம். 1024×1024 ஷீட் கிராஃபிக்ஸ் மெமரியில் 4 எம்பி. முன்கூட்டியே 4 மடங்காக்கி வைத்தால் 64 எம்பி. நிறங்களைக் கலந்த படமென்றால் 16 நிற பிஎன்ஜி படக் கோப்பின் சிக்கனமும் போய்விடும். சின்னதாகவே அனுப்பி, ஆடுகிறவரின் ஸ்க்ரீனில் பெரிதாக்குவதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

ஏஐ அப்ஸ்கேலர்களையும் (ஏஐ வைத்துப் படத்தைப் பெரிதாக்குபவை) விடவில்லை. நின்ற படம் ஒன்றுக்குப் பரவாயில்லை. நடை அசைவின் 6 ஃப்ரேம்களைக் கொடுத்தேன், ஆறு பேர் வந்து நின்றார்கள்.

இப்போது கேமுக்குள் முழு மடங்கு நியரஸ்ட் நெய்பர்தான். முகப்புப் படத்துக்கு மட்டும் எக்ஸ்பிஆர்இசட் போட்டேன். கண் தப்பித்தது. இரண்டு பிக்சல் வாய்தான் மீசையாகிவிட்டது, அதைக் கையால் திருத்தினேன்.